கீ போட்ட பிறகும் எஸ்எஸ்எச் ஏன் பாஸ்வேர்ட் கேட்கிறது?

ஒரே நெட்வொர்க்கில் இரண்டு லினக்ஸ் கணினிகள், ஒன்றிலிருந்து மற்றதற்குள் நுழைய எஸ்எஸ்எச், பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு கீ செய்து மற்றதில் ஏற்றியாகிவிட்டது, ஆனாலும் பாஸ்வேர்ட் கேட்கிறது என்கிறீர்கள். முதலில் பெர்மிஷனை, அதாவது பைலையும் போல்டரையும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமையைப் பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் ஒரு பின்னேரத்தையே தொலைத்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகம். முன்னறைச் சேர்வரிலிருந்து பின்னறைக் கணினிக்கு இரவு பதினொரு மணிக்கு பைல்கள் கொப்பியாக வேண்டும். அந்த நேரத்தில் பாஸ்வேர்ட் அடிக்க ஆள் இல்லை, அதனால்தான் கீ. ஏற்றினேன், கேட்டது. அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தேன், அப்போதும் கேட்டது. மூன்றாவது கீக்குப் பிறகுதான் பின்னறைக் கணினியின் லொக்கை, அதாவது நடந்ததைக் கணினி எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். ஹோம் போல்டரின் உரிமை சரியில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. பைல் பகிர வசதியாக இருக்கட்டும் என்று யாரோ அதை 777 ஆக்கியிருந்தார்கள், அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும்.

எஸ்எஸ்எச் மறுத்தது நியாயம்தான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய போல்டரில் யார் வேண்டுமானாலும் தன் கீயையும் சேர்த்துவிடலாமே. ஹோம் போல்டரில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் எஸ்எஸ்எச் போல்டருக்கு 700, கீகள் இருக்கும் பைலுக்கு 600, அதாவது இரண்டும் உங்களுக்கு மட்டும். உங்கள் பக்கத்தில் எஸ்எஸ்எச் கட்டளையோடு, நடப்பதை விரிவாகக் காட்டும் மைனஸ் வீ போட்டால் கீ மறுக்கப்பட்டது மட்டும்தான் தெரியும். ஏன் என்பது மறுத்த கணினியில்தான் இருக்கும், அங்கே லொக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

பெர்மிஷன் சரியென்றால் எந்தப் பைலை ஏற்றினீர்கள் என்று பாருங்கள். கீ செய்யும்போது இரண்டு பைல்கள் வரும். பெயர் பப் என்று முடிவது பூட்டு. அதை எத்தனை கதவிலும் மாட்டலாம். மற்றது திறப்பு, அது செய்த கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. ஒரே திறப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஆறு கணினிகளில் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், ஒவ்வொன்றிலும் தனியாகச் செய்யுங்கள். கீ வகைகளில் ஈடி25519 போதும். கையால் ஒட்டினால் நீளமான வரி இரண்டாக உடைந்துவிடும், பூட்டைத் தானே ஏற்றித் தரும் எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி கட்டளையையே பாவியுங்கள்.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு இலோனன் எஸ்எஸ்எச் எழுதியதே, பல்கலைக்கழக நெட்வொர்க்கில் ஓடிய பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதால்தான். கீ முறையில் ரகசியம் வயரில் ஓடுவதே இல்லை. அது உங்கள் கணினியிலுள்ள திறப்புப் பைலிலேயே இருக்கிறது. அதனால் நீங்கள் பாவிக்கும் திறப்புக்குக் கட்டாயம் பாஸ்பிரேஸ், அதாவது அந்தப் பைலைப் பூட்டும் ரகசியச் சொற்றொடர், வையுங்கள். திறப்பை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் என்ற புரோகிராமில் ஒருமுறை கொடுத்தால் அன்றைக்குப் போதும். இரவு வேலைக்கான திறப்புக்கு மட்டும் வைக்க முடியாது. அதற்குப் பதிலாக, ஏற்றிய கணினியின் கீ பைலில் அந்தக் கீ இருக்கும் வரியின் முன்னால் எந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம், எந்தக் கட்டளையை மட்டும் ஓட்டலாம் என்று எழுதிவிடலாம்.

எல்லாம் வேலை செய்த பிறகுதான் பாஸ்வேர்ட் லொகினை நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது ஏற்கெனவே உள்ளே இருக்கும் விண்டோவை மூடாமல், இன்னொன்றில் நுழைந்து பாருங்கள். நுழைய முடியவில்லை என்றால் மாற்றியதைத் திருப்பி வைக்க அந்தப் பழைய விண்டோதான் வழி.