பச்சைத் துணியை உரித்துப் பாருங்கள்

கேள்வி: மலாயா அவசரகாலத்தில் (1948-1960) காட்டுச் சண்டையில் உயிர்விட்ட எங்கள் பெரியப்பாவுக்கு மார்பளவு வெண்கலச் சிலை வைக்க விரும்புகிறோம். ஜூலை 31 வீரர்கள் தினத்துக்குள், ஆறே வாரத்தில் முடித்துத் தருவதாகப் பினாங்கில் ஒரு முகவர் சொல்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். நம்பலாமா? - வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம். ஆறு வாரத்தில் வருவது வெண்கலமாக இருக்காது. களிமண்ணில் முகம் பிடிபடுவதற்கே மூன்று நான்கு வாரம் போய்விடும். பிறகு அச்சு, மெழுகுப் பிரதி, அதன்மேல் பூச்சுப் பூச்சாகச் சூடு தாங்கும் ஓடு. நம் ஊர் ஈரக்காற்றில் அந்த ஓடு சொன்ன நேரத்துக்குக் காயாது. அப்புறம்தான் மெழுகை வடித்துவிட்டு 1,100 டிகிரிக்கு மேல் சூடேறிய உலோகத்தை ஊற்றுவோம். அரம் பிடிப்பதும் நிறமேற்றுவதும் இன்னும் மிச்சம். நான்கு மாதத்துக்குக் குறைத்து நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அவர் தரப்போவது பெரும்பாலும் கண்ணாடி இழை (ஃபைபர்கிளாஸ்) சிலை. மேலே பிசினில் குழைத்த வெண்கலத் தூள். அப்படி ஒன்றை என் பட்டறைக்கு ஒரு குடும்பம் கொண்டுவந்தது. வீட்டு அம்மா அதைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அடியில் பச்சைத் துணி ஒட்டியிருந்தது. உரித்தேன், விரலில் நார் குத்தியது. நீங்களும் உரித்து, உள்விளிம்பைக் கத்தியால் கீறிப் பாருங்கள். வெண்கலம் செம்பொன்னாக மின்னும், பிசின் தூளாக உதிரும். காந்தச் சோதனை வெறும் வித்தை. அது இரண்டிலுமே ஒட்டாது.

கண்ணாடி இழை கூடவே கூடாது என்பதில்லை. அதற்குரிய விலை கொடுத்து, அதன் பெயரைச் சொல்லி வாங்கி, வீட்டுக்குள் வைக்கலாம். வீட்டுக்குள் என்றால் சாமி மேடைக்குப் பக்கத்தில். கார் நிறுத்தும் கூரையடி வீட்டுக்குள் ஆகாது, கடைவீட்டு வாசலின் ஐந்தடி நடைபாதையும் ஆகாது, சாரல் அடிக்கும் சன்னலோரமும் ஆகாது.

எங்கே வார்க்கிறார் என்று முகவரிடம் கேளுங்கள். கோலாலம்பூரில் 1966-இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னத்தில் ஏழு வெண்கல உருவங்கள் இருக்கின்றனவே, பெலிக்ஸ் டி வெல்டன் வடித்த அந்த உருவங்களை இத்தாலியில்தான் வார்த்தார்கள். நாடே அதை ஒளிக்கவில்லை. இவர் ஏன் ஒளிக்க வேண்டும்? பட்டறையைக் காட்டாதவருக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பணத்தைக் களிமண், மெழுகு, உலோகம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். சிலைக்காகக் கொடுக்கும் பழைய படங்களைப் பிரதி எடுக்கும்போது இடம் வலம் மாறிப்போவது உண்டு. தொப்பிச் சின்னம் எந்தப் பக்கம் என்பதை முன்னாள் படைவீரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். களிமண்ணில் திருத்த விரல் போதும், வெண்கலத்தில் அறுக்க வேண்டும்.

பொது இடத்தில் வைப்பதானால் முதலில் அனுமதி. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும். ஒரு பீடத்துக்காக ஒரே படிவத்தை மூன்று முறை நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாவதை வாங்கிக்கொண்டு, முதலாவது கிடைத்துவிட்டது என்றார்கள்.

இந்த ஜூலையில் பெரியப்பாவின் படத்துக்கு மாலை போடுங்கள். சிலை அடுத்த ஜூலைக்கு வரட்டும். வந்தபின் கடல் உப்பு படியாமல் நல்ல தண்ணீரில் கழுவி, ஆண்டுக்கு இருமுறை மெழுகு பூசுங்கள். குத்துவிளக்கு துலக்கும் புளியோடு யாரையும் பக்கத்தில் விடாதீர்கள்.