இரவல் பேச்சு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். என் பெயரும் ஊர்ப் பெயரும் வெளியில் வர வேண்டாம். எங்கள் தமிழ் அம்மா உங்கள் தளத்தைத் தவறாமல் படிப்பவர்.

ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டிகளுக்குப் போகிறேன். என் குரல் கணீரென்று இருக்கிறது என்பார்கள். பேச்சை எப்போதும் தமிழ் அம்மாதான் எழுதித் தருவார். நான் மனப்பாடம் செய்து பேசுவேன். சென்ற அக்டோபரில் காந்தி பிறந்தநாளுக்காக நடந்த மாவட்ட அளவிலான போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு கொடுத்தவர், "நீயே எழுதிய பேச்சா அம்மா?" என்று கேட்டார். "ஆமாம் ஐயா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ் அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். மறுவாரம் பள்ளி வாசலில் பேனர் வைத்தார்கள். அதில் என் படத்துக்குக் கீழே "தானே எழுதித் தானே முழங்கிய மாணவி" என்று இருக்கிறது. தினமும் அதற்கு அடியில்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பள்ளியில் நடந்த தேர்வில் தானே எழுதியதைப் பேசினாள். பாதியில் குரல் நடுங்கி நிறுத்திவிட்டாள். அதனால்தான் நான் தேர்வானேன். பேனரைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு உட்காருவதில்லை. மற்ற தோழிகளிடம் சொன்னால், "எல்லாப் பள்ளியிலும் டீச்சர்தான் எழுதித் தருகிறார்கள். நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேத்தியா? உண்மையைச் சொல்லித் தமிழ் அம்மாவை மாட்டிவிடப் போகிறாயா?" என்று சிரிக்கிறார்கள்.

ஜனவரியில் மாநில அளவில் ஒரு போட்டி வருகிறது. எனக்கு ஜெயிக்க வேண்டும் என்று மிகவும் ஆசை. அதை மறைக்க விரும்பவில்லை. தமிழ் அம்மா ஆறு பக்கம் எழுதித் தந்துவிட்டார். நோட்டைத் திறந்தால் மனதில் ஏறமாட்டேன் என்கிறது. நான் என்ன செய்வது ஐயா?

அக்டோபர் பேச்சில் எனக்கு அதிகக் கைதட்டல் விழுந்த இடம், கெட்டில் என்ற சொல்லைப் பார்த்து எழுத காந்தி மறுத்த கதை.

- ம.

அன்புள்ள ம.,

கடைசி வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிறர் எழுதியதை ஒப்பிக்கிறவள் என்று உன்னைப் பற்றி நீயே எழுதுகிறாய். ஆனால் அந்தக் கெட்டிலை முதல் பத்தியில் வைக்காமல், கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகு வாசலில் நின்று சொல்வதுபோல் வைத்திருக்கிறாய். அதை யாரும் உனக்கு எழுதித் தந்திருக்க முடியாது.

பள்ளி மேடைகளில் அந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆசிரியர் சைகை காட்டுவார், சிறுவன் மோகன்தாஸ் நெஞ்சை நிமிர்த்தி மறுப்பான், அரங்கம் அதிரும். காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருப்பது இப்படி இல்லை. உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு. ஜைல்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறார். கெட்டிலை மோகன்தாஸ் பிழையாக எழுதுகிறான். ஆசிரியர் பூட்ஸ் நுனியால் அவனைத் தட்டுகிறார். பக்கத்துப் பையனின் சிலேட்டைப் பார்த்து எழுதச் சொல்கிறார் என்பது அவனுக்கு விளங்கவே இல்லை. பிள்ளைகள் பார்த்து எழுதாமல் தடுக்கத்தானே ஆசிரியர் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். வகுப்பில் எல்லோரும் ஐந்தையும் சரியாக எழுதியிருந்தார்கள். தான் ஒருவன் மட்டும் முட்டாளாக நின்றதாக அவரே எழுதுகிறார். பிறகு ஆசிரியர் அந்த முட்டாள்தனத்தை அவனுக்கு எடுத்துச் சொல்லியும் பலனில்லை. ஆசிரியர்மேல் அவனுக்கு இருந்த மரியாதையும் குறையவில்லை.

இதில் வீர மறுப்பு எங்கே இருக்கிறது? மேடைக்குத் தேவைப்பட்டதால் நாம் சேர்த்துக்கொண்டது அது. உன் தமிழ் அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவரும் யாரோ மேடையில் சொல்லக் கேட்டதைத்தான் எழுதியிருப்பார். ஆனால் நீ அந்தப் பக்கங்களைப் படித்திருந்தால் உனக்கு வேறொன்று கண்ணில் பட்டிருக்கும். வகுப்பே சரியாக எழுத, ஒரு பையன் மட்டும் அசடாக நிற்கிறானே, அது. உன் கடிதத்தில் நேர்மை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. மதியச் சாப்பாட்டு வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பற்றியும், மற்றவர்கள் சிரிப்பதைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறாய். உன்னை உறுத்துவது அந்த அசட்டு நிலைதான். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். பதினாறு வயதில் தனியாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பிறர் எழுதியதைப் பேசுவது பொய்யா? இல்லை என்பது என் எண்ணம். கோயிலில் பாடும் ஓதுவார் தேவாரத்தைத் தான் இயற்றியதாகச் சொல்வதில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவர் வசனத்தைத் தன்னுடையது என்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். காந்தியின் வாழ்க்கையிலேயே இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் சட்டம் படித்த நாட்களில் வெண்ட்னர் என்ற கடற்கரை ஊரில் ஒரு சைவ உணவுக் கூட்டம். ஒரே ஒரு தாளில் பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு எழுந்தவருக்குக் கண் மங்கி உடம்பு நடுங்கிவிட்டது. கூட வந்த நண்பர் மஜ்முதார்தான் அதை வாங்கி வாசித்தார். பாரிஸ்டராகி பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்தபோதும் தலை சுற்றி, ஒரு கேள்வியும் வராமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உன் மாவட்டப் போட்டியில் அவர் கலந்துகொண்டிருந்தால் ஆறுதல் பரிசுகூடக் கிடைத்திருக்காது. வெண்ட்னரில் சொல் காந்தியுடையது, குரல் மஜ்முதாருடையது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது.

உன் விஷயத்தில் பொய் என்பது அந்த ஒரு "ஆமாம்" மட்டும்தான். "எங்கள் தமிழ் அம்மா எழுதித் தந்தது ஐயா" என்று நீ சொல்லியிருந்தால் பரிசு கொடுத்தவர் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்க மாட்டார். அந்த நொடியில் உனக்கு அது தோன்றவில்லை. எனக்கும் ஒருமுறை தோன்றவில்லை.

நான் ஒன்பதாவது படித்தபோது என் சித்தப்பா எனக்கொரு பேச்சு எழுதித் தந்தார். மேடைப் பேச்சாளர்களைக் கேட்பதற்காகவே பத்து மைல் சைக்கிள் மிதிக்கிறவர் அவர். இரண்டாம் பரிசாக என் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்த எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். இறங்கி வந்ததும் நடுவர் ஒருவர் தோளில் கைபோட்டு, "விழுமியம் என்றாயே தம்பி, அப்படியென்றால் என்ன?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரா, சோதித்தாரா என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. விழித்துக்கொண்டு நின்றேன். இதைவிட மோசமானது அடுத்த வாரம் நடந்தது. சித்தப்பா டீக்கடையில் எல்லோரிடமும், "எழுதியது நான், பையன் வாயசைத்தான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே! எழுதியவர் எழுதினேன் என்று சொன்னதற்காக மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். அந்தத் தட்டில் என் அம்மா கடைசிவரை வடகம் காயவைத்தார்.

ஏன் அந்தக் கோபம் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். குரலுக்குக் கிடைத்த பரிசு எனக்குப் போதவில்லை. சொல்லும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசை. உன் "ஆமாம்" வந்ததும் அந்த இடத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன். அது வெறும் பேராசையாக இருந்திருந்தால் ஆறு பக்கமும் இந்நேரம் உன் மனதில் ஏறியிருக்கும்.

இப்போது நான் சில போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். உச்சரிப்பு, கருத்து, தங்குதடையின்மை, நேரம் என்று தாளில் கட்டம் போட்டுத் தருவார்கள். யாருடைய சொல் என்பதற்குக் கட்டம் இல்லை. தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்கள் பிறந்தநாளில் நடத்தும் மாவட்டப் போட்டிகளில் 5000, 3000, 2000 ரூபாய் என்று மூன்று பரிசுகள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் தலா 2000 ரூபாய் சிறப்புப் பரிசு. பல வீடுகளில் அது ஒரு மாத மளிகை. ஆசிரியர்கள் ஏன் எழுதித் தருகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு ஒரு அலுப்பு உண்டு. சென்ற ஆண்டு மூன்று ஊர்களிலிருந்து வந்த மூன்று பிள்ளைகள் ஒரே வாக்கியத்தை, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி கையை உயர்த்திச் சொன்னார்கள். மூவருக்கும் எழுதித் தந்தது கைபேசிக்குள் இருக்கும் செயற்கை நுண்ணறிவு. உன் தமிழ் அம்மா தன் கையால் ஆறு பக்கம் எழுதுகிறவர், அந்த மட்டில் அவர் பெரியவர்.

அவரிடம் நீ பேச வேண்டும். காட்டிக்கொடுக்கவோ குற்றம் சாட்டவோ தேவையில்லை. "அம்மா, இந்த முறை நான் எழுதிக்கொண்டு வருகிறேன், நீங்கள் சிவப்பு மையில் திருத்துங்கள்" என்று கேள். முகம் வாடும். ஆறு பக்கம் எழுதியவருக்கு வாடாதா? "ஜனவரிக்கு நேரமில்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்லக்கூடும். அடுத்த ஆண்டு உனக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, யாரும் உன்னை மேடைக்கு விடமாட்டார்கள். 2017-18இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26இல் எடுத்துவிட்டார்கள். உனக்குக் கிடைத்திருக்கும் ஓய்வான வருடம் இது ஒன்றுதான். அதையும் அவரிடம் சொல்.

பெயரை மறைத்தும் சில அடையாளங்களை மாற்றியும்தான் உன் கடிதத்தை வெளியிடுகிறேன். ஆனால் கெட்டிலை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதைப் பார்த்தால் உன் தமிழ் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பதிலைப் பத்து நாள் முன்பே உனக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் இதை இங்கே படிப்பதற்கு முன் உன் வாயால் கேட்டிருக்க வேண்டும். பேனரைப் பற்றியும் அப்போதே பேசிவிடு. அந்த ஒரு வரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டுவதா, பேனரையே கழற்றுவதா என்பதை அவரும் தலைமையாசிரியரும் முடிவு செய்யட்டும். காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிற யோசனை ஏதாவது உனக்கு இருந்தால் விட்டுவிடு. அது இன்னொரு மேடைப் பேச்சாகிவிடும். அதிலும் நீ நன்றாகத்தான் பேசுவாய், அதுதான் எனக்குப் பயம்.

உன் தோழிகள் கொஞ்ச நாள் கிண்டல் செய்வார்கள். "தமிழ் அம்மாவை மாட்டிவிடப் போகிறாயா" என்று அவர்கள் கேட்பதில் பாதி அக்கறை, பாதி கலக்கம். அக்கா போட்டுத் தந்த ரெக்கார்டு நோட்டுப் படங்கள் அவர்கள் பையிலும் இருக்கும். நீ ஒருத்தி சொல்லத் தொடங்கினால் பேச்சு அங்கேயும் வருமே என்று நினைக்கிறார்கள். நீ அவர்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் அடங்காமலும் போகலாம்.

எனக்குக் கவலையெல்லாம் தனியாகச் சாப்பிடுகிற அந்தப் பெண்ணைப் பற்றித்தான். அவள் எழுதினாள், குரல் வரவில்லை. காந்திக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடந்தது, தாளை வாங்கிப் படிக்க ஒரு மஜ்முதார் இல்லாமல் போய்விட்டார். பேனரில் இருக்கும் பொய் வேறு யாரையும் தொடவில்லை, அவளைத் தொடுகிறது. ஏனென்றால் தானே எழுதியவள் அந்தப் பள்ளியில் அவள்தான். அவளிடம் போய், "அது தமிழ் அம்மா எழுதியது, நான் பொய் சொன்னேன்" என்று சொல். விளக்கம் வேண்டாம். உடனே சேர்ந்து சாப்பிட வந்துவிடுவாள் என்றும் எதிர்பார்க்காதே. அவள் பாதியில் நிறுத்திய அந்தப் பேச்சின் மீதியில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஜனவரிப் பேச்சுக்கு ஒரு யோசனை. ஆறு பக்கம் எழுதாதே, இரண்டு போதும். "அவையோருக்கு என் பணிவான வணக்கம்" என்பதற்கு அடுத்த வாக்கியத்தை உன் வீட்டில் பேசுகிறபடி யோசித்துப் பிறகு எழுத்துத் தமிழில் எழுது. அர்த்தம் கேட்டால் சொல்ல முடியாத சொல் ஒன்றுகூட வேண்டாம். பரிசு கிடைக்காமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. முதல் தடவை சொந்தமாக எழுதியது தமிழ் அம்மாவின் கைபட்ட பேச்சைவிடச் சோனியாகத்தான் இருக்கும்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பிவிடாதே. நானும் சித்தப்பாவிடம் வளர்ந்தவன். ஒரு வரியைத் தொட்டால் மொத்தத்தையும் மாற்றி எழுதித் தந்துவிடுவேன்.

அன்புடன்.