கணவர் சம்பளம் 60,000 பவுண்டைத் தாண்டிவிட்டது, சைல்ட் பெனிபிட்டை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். 7 வயதிலும் 3 வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான் வேலைக்குப் போகவில்லை, பிள்ளைகளுக்கு பிரிட்டிஷ் அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிபிட் என் பெயரில் வருகிறது. 2025-26 வரி ஆண்டில் கணவரின் வருமானம் 64,000 பவுண்ட். இனியும் வாங்கினால் பிரச்சினை வரும், நிறுத்திவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கோடையில் 6 வாரம் யாழ்ப்பாணம் போனாலும் காசு நின்றுவிடுமா?

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. 60,000 தாண்டினால் காசு முழுவதும் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 60,000க்கு மேலே ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் வாங்கிய தொகையில் 1 சதவீதத்தை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000 வந்தால்தான் முழுவதும் போகும்.

மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05, இளைய பிள்ளைக்கு 17.25 என்று உங்களுக்கு அந்த ஆண்டில் 2,251 பவுண்ட் வருகிறது. 64,000க்கு 20 சதவீதம், அதாவது 450 பவுண்ட் கணவர் கட்ட வேண்டும். மிச்சம் 1,800 உங்களுடையது, அதை ஏன் விட வேண்டும்?

அந்த 450ஐயும் மிச்சம் பிடிக்கலாம். பார்ப்பது வெறும் சம்பளத்தை அல்ல, பென்ஷனுக்குப் போட்டது கழிந்த வருமானத்தைத்தான், அதனால் முதலில் அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், வேலையிடத்துப் பென்ஷன் ஏற்கெனவே கழிந்து 64,000க்குக் கீழேயே இருக்கலாம். கழியவில்லை என்றால், அந்த வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5க்குள் தனிப் பென்ஷனில் 3,200 போட்டால் அரசு 800 சேர்த்து 4,000 ஆக்கும், வருமானம் 60,000க்கு இறங்கிவிடும், 450 கட்டத் தேவையில்லை. அவர் 40 சதவீத வரி கட்டுபவர் என்பதால் இன்னொரு 800ஐயும் கேட்டு வாங்கலாம்.

நீங்கள் வேலைக்குப் போகாததால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை உங்கள் முதுமைக்கால அரசுப் பென்ஷன்தான். கடைசிப் பிள்ளைக்கு 12 வயதாகும் வரை, சைல்ட் பெனிபிட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட் கிடைக்கும், அதாவது வேலை செய்யாத ஆண்டும் அரசுப் பென்ஷன் கணக்கில் சேரும். முழுப் பென்ஷனுக்கு 35 ஆண்டு வேண்டும். ஓராண்டு கிரெடிட் என்பது 2025-26 கணக்கில் வயதான பிறகு ஆண்டுக்கு 342 பவுண்ட், வாழ்நாள் முழுக்க. நாளைக்குக் கணவர் 80,000 தாண்டினாலும் காசு வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், பதிவை மூடவே மூடாதீர்கள். விண்ணப்பிக்காமலே விட்டு இந்த ஆண்டுகளை இழந்த அம்மாக்கள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இந்தச் சட்டத்தில் நியாயமும் குறைவு. ஆளுக்கு 59,000 சம்பாதிக்கும் தம்பதிக்கு ஒரு பென்ஸ் கூடப் போகாது, உங்களைப் போல ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீடு கட்ட வேண்டும். பிரிந்துவிட்டால் சேர்ந்து வாழ்ந்த வாரங்களுக்கு மட்டும்தான் கணக்கு. அப்புறம், பிரிந்த தாயுடன் புதிய துணை வந்து வாழத் தொடங்கினால், பிள்ளை அவருடையது இல்லாவிட்டாலும் அவர் வருமானமும் பார்க்கப்படும்.

யாழ்ப்பாணப் பயணத்துக்குப் பயப்பட வேண்டாம். 8 வாரம் வரை தற்காலிகமாகப் போய் வரலாம். ஆனால் விசாவில் அரசு உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் இதை வாசித்துவிட்டுத் தங்கள் பெயரில் விண்ணப்பிக்காதீர்கள், சைல்ட் பெனிபிட்டும் அதில் அடக்கம், முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.