வீட்டை அடகு வைத்து ஃபிளமெங்கோ வேண்டாம்

பிளஸ் டூ முடிக்கும் உங்கள் மகள் சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் பாடுகிறாள். இப்போது ஸ்பெயின் நாட்டு இசையான ஃபிளமெங்கோவின் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் கலந்து வாசிக்கப் படிக்கிறேன் என்கிறாள். ‘முதலில் ஒரு பி.இ. முடிக்கட்டும்’ என்கிறார் அவள் சித்தப்பா. வீட்டை அடகு வைத்தாவது அமெரிக்காவில் பேர்போன இசைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் இரண்டும் வேண்டாம். விரல் பழக வேண்டிய நான்கு வருடத்தை பி.இ. விழுங்கிவிடும், அடகுக் கடனோ, கச்சேரி வருமானத்தில் அடைகிற கடன் இல்லை.

நம் ஆட்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள கோடார்ட்ஸ் கலைப் பல்கலைக்கழகம். ஃபிளமெங்கோ கிட்டாருக்கென்றே ஒரு பட்டப்படிப்பை அங்கே 1985-ல் தொடங்கிவைத்தவர் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ பென்யா. இளநிலைப் படிப்பு நான்காண்டு. இந்துஸ்தானி, துருக்கி இசை, அர்ஜென்டின டாங்கோ எல்லாம் அதே கூரையின் கீழ் என்பதால், கலவை இசைக்குக் கூட்டாளி பக்கத்து அறையிலேயே கிடைப்பார்.

சேர்வதற்கான தேர்வில் வாசித்துக் காட்ட வேண்டும். தனி வாசிப்பை மட்டும் மெருகேற்றிக்கொண்டு போகிறவர்கள் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பக்கம் வாசிக்கச் சொன்னால் திணறுவார்கள். ஆகவே முதலில் கைதட்டித் தாளம் போடப் பழகட்டும். சோலெயா என்ற ஃபிளமெங்கோ வகையின் 12 அடித் தாளச் சுற்றில் அழுத்தம் 3, 6, 8, 10, 12-ல் விழும்; சொற்றொடர் பத்தில் அடங்கும். கர்நாடக சங்கீதத்தில் முத்தாய்ப்பாக வரும் தாளக் கணக்கான கோர்வையைப் பழக்கதோஷத்தில் முதல் அடியில் கொண்டுபோய் இறக்கினால் பாடகர் தடுமாறுவார். பத்தில் முடியும்படி கணக்கை மாற்ற வேண்டும். எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தின் மூன்று ஆவர்த்தனமும் (சுற்றும்) சோலெயாவின் இரண்டு சுற்றும் 24-வது அடியில் சேரும், ஆனால் அழுத்தங்கள் சேராது.

சுரத்திலும் ஒரு கண்ணி உண்டு. வகுளாபரண ராகம் ஃபிளமெங்கோவோடு அப்படியே ஒட்டும் போலத் தோன்றும். ஆனால் கிட்டார் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்ற கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளில்) இறங்கும்போது, ஜி கார்டில் சாதாரண காந்தாரம் என்ற தாழ்ந்த ‘க’ ஒலிக்கும். அங்கே வகுளாபரணத்தின் அந்தர காந்தாரத்தை, அதாவது உயர்ந்த ‘க’வை, பிடித்து நின்றால் உரசும். இதைக் கேட்டதும் கண்டுபிடிக்கும் காது அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் அவள் விருப்பத்தோடு நிற்கிறேன்.

செலவில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. பகுதிநேர வேலை வாரத்துக்கு 16 மணி நேரம்தான். அதற்கும் வேலை தருபவர் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். நான்காண்டுக் கட்டணம், வாடகை, சாப்பாடு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். வீட்டைத் தொடாமல் வராத தொகை என்றால் விண்ணப்பிக்காதீர்கள். அதற்குப் பதில் ஸ்பெயினின் செவில் நகரில் சில மாத ஃபிளமெங்கோ பயிற்சிக்கு அனுப்புங்கள். சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.