மூலிகை, காஃபீன் மாத்திரைகளை எலியில் சோதிப்பது: கேள்வி பதில்

குமாரபாளையம், எம்.ஃபார்ம் மாணவி: சார், அமுக்கரா சாறு கொடுத்த விஸ்டார் இன ஆய்வக எலிகள் பிளஸ் மேஸில் (பதற்றத்தை அளக்கும், உயரத்தில் வைத்த பிளஸ் வடிவ மேடை; இரண்டு கைகள் திறந்தவை, இரண்டு சுவர் வைத்து மூடியவை) திறந்த கைக்கே போகவில்லை. சாறு கொடுக்காத கண்ட்ரோல் எலிகளும் அப்படித்தான். சாறு வேலை செய்யவில்லையா?

கண்ட்ரோலே போகலைன்னா சாறு மேல பழி போட முடியாதுங்க அம்மிணி. முதல்ல, பதற்றத்தைக் குறைக்குற டயஸிபாம் மருந்து கொடுத்த குழுவைப் பாருங்க. கிலோவுக்கு 1 மி.கி., வயிற்றறை ஊசி, சோதனைக்கு 30 நிமிடம் முன்னால. அந்த எலிகளும் மூடிய கைக்குள்ளேயே பதுங்குனா, கோளாறு மேஸிலோ அறையிலோ இருக்குது.

எலிக்குக் கை நீளம் 50 செ.மீ., அகலம் 10, சுவர் உயரம் 40, தரையிலிருந்து 50 செ.மீ. இருக்கோணும். சுண்டெலிக்குச் செஞ்ச 5 செ.மீ. அகலக் கையில பெரிய எலியை விட்டா, அது விழுந்துருவோம்னு தயங்குறதை நீங்க பதற்றம்னு எழுதிருவீங்க. தலைக்கு மேல பளீர்னு டியூப்லைட் எரிஞ்சாலும் வெளியே வராது. நாலு கையிலயும் வெளிச்சத்தை லக்ஸ் மீட்டர்ல அளந்து பாருங்க.

ஒரு மணி நேரம் முன்னாடியே எலிகளை அறைக்குக் கொண்டாந்துருங்க. ஒவ்வொரு எலிக்கும் 5 நிமிடம். நாலு காலும் உள்ளே வந்தாத்தான் ஒரு நுழைவு. அடுத்த எலிக்கு முன்னால ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, முழுசா காய விடுங்க. முந்தின எலியோட சிறுநீர் வாசனை அடுத்ததை மிரட்டும். ஒரு தடவை ஏறின எலியை மறுபடி ஏத்தாதீங்க. ரெண்டாவது தடவை டயஸிபாமே சரியா எடுபடாது.

பல்லடம்: ஆய்வகத்துக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறது. கெடுதலா?

சீரா ஓடுற சத்தத்தைவிட, கரண்ட் போய்த் திடீர்னு நின்னு, மறுபடி கிளம்புறதுதான் கெடுக்கும். நமக்குக் கேக்காத மீயொலியும் எலிக்குக் கேக்கும். கண்ட்ரோலைக் காலையிலயும் மருந்துக் குழுவை மத்தியானமும் வைக்காம, மாத்தி மாத்திச் சோதிங்க.

கோவை: மூலிகை மாத்திரை லேபிளில் ஓர் ஆளுக்குத் தினம் 600 மி.கி. என்றிருக்கிறது. எலிக்கு எவ்வளவு?

60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு 10 மி.கி. மனுசன் அளவை எலி அளவா மாத்த 6.2 ஆல பெருக்குங்க, கிலோவுக்கு 62 மி.கி. 200 கிராம் எலிக்கு 12.4 மி.கி. வரும். 0.5% சி.எம்.சி. கரைசல்ல (பொடியைத் தண்ணியில மிதக்க வைக்குற பசை) மி.லி.க்கு 6.2 மி.கி. கலந்து, 2 மி.லி. வாய்வழிக் குழாய்ல கொடுங்க. பொடி அடியில படியும், ஒவ்வொரு தடவையும் குலுக்கிட்டு உறிஞ்சுங்க.

ஈரோடு: குரானா (ஒரு கொடியின் விதை), காஃபீன் கலந்த மாத்திரையில் எலிகளின் எடை இறங்கியது. கொழுப்பு குறைந்தது என்று எழுதலாமா?

எழுதாதீங்க. எவ்வளவு தின்னுதுன்னு பார்த்தீங்களா? காஃபீன் கசக்கும், தீனியில கலந்தா எலி ஒதுக்கிரும். எடை அதனாலயே இறங்கும். குழாய்ல கொடுத்தாலும் பசி மந்தப்படலாம். அதனால மருந்துக் குழு முந்தின நாள் தின்ன அளவையே தின்னக் கொடுக்குற இன்னொரு குழு கட்டாயம் வேணும். அந்தக் குழுவுக்கும் வெறும் சி.எம்.சி.யைக் குழாய்ல கொடுங்க, பிடிச்சுச் செலுத்துறதே எடையை இறக்கும்.

படுக்கைத் தூளைச் சலிச்சு, சிந்தின தீனியைக் கழிங்க. முதல் சில நாள்ல காஃபீனால சிறுநீர் கூடி வெறும் தண்ணி எடையும் இறங்கும். கடைசியில விரைமேல் கொழுப்பையும் வயிற்றுப் பின்சுவர்க் கொழுப்பையும் தனித்தனியா எடுத்து எடை போட்டாத்தான் பேச முடியும். ஏப்ரல், மே வெயில்ல அறை 25 டிகிரி தாண்டுச்சுன்னா எல்லாக் குழுவுமே தீனியைக் குறைக்கும்.

மூலிகைன்னு விக்கிறது அளவுக்கு மீறி எடையைக் குறைச்சா, பசியை அடக்குற சிபுட்ரமின் கலந்திருக்கான்னு, கலவையைப் பிரிச்சுக் காட்டுற ஹெச்.பி.எல்.சி. கருவியில பாருங்க. 2011-ல இந்தியாவுல தடை செஞ்ச மருந்து அது.

பெருந்துறை: சொந்தமாக எலி வாங்கிச் சோதிக்கலாமா?

கூடாதுங்க. பதிவு பெற்ற நிறுவனத்துல, விலங்கு நெறிமுறைக் குழு முன்அனுமதி கொடுத்த பிறகுதான்.

கோபி: அண்ணா, எங்க 10 கிலோ நாய் குண்டாகிவிட்டது, பட்டாசுக்கும் பயப்படுகிறது. அந்தக் குரானா, காஃபீன் மாத்திரையே கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். நாய்க்குக் கிலோவுக்கு 20 மி.கி. காஃபீன்லயே வாந்தியும் பரபரப்பும் தொடங்கும், 60-ஐ எட்டினா வலிப்பு வரும். உங்க நாய்க்கு 200 மி.கி.யே அதிகம், சில மாத்திரையில ஒண்ணுலயே அவ்வளவு இருக்கும். குரானாவுல இருக்குறதும் காஃபீன்தான், லேபிள்ல ரெண்டையும் கூட்டிப் பாருங்க. பயமும் கூடும், குறையாது. தெரியாம தின்னுருச்சுன்னா எத்தனை காணோம்னு எண்ணி, டப்பாவைக் கையோட எடுத்துக்கிட்டு உடனே கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க.