பழைய வரைபடம் பிரெஞ்சுக் குடியுரிமை தருமா?

கேள்வி: என் தாத்தா 1931-இல் நெட்டப்பாக்கத்தில் பிறந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர். அந்த ஊர் பிரெஞ்சு எல்லைக்குள் இருப்பதாகப் பழைய வரைபடம் ஒன்றைக் காட்டும் தரகர், எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வரைபடத்தில் பொய் இல்லை. புதுச்சேரி ஒரே நிலமாக இருந்ததில்லை. தென்னார்க்காட்டு ஊர்களுக்கிடையே சிதறிக் கிடந்த துண்டுகள் அவை. நெட்டப்பாக்கமும் பிரெஞ்சுப் பகுதிதான். ஆனால் உங்கள் வழக்கைக் கெடுப்பதே அதுதான். 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த, புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கையின்படி, அந்தப் பகுதியில் பிறந்து அன்று அங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே நீடிக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தாத்தா எழுதிக் கொடுத்தாரா? தரகர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார்.

எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள் கதை வேறு. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். தாய்வீடு கடலூரிலோ கண்டமங்கலத்திலோ இருந்தால், குழந்தை பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில். பெற்றோர் வழியாக ஏற்கெனவே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்த அப்படிப்பட்டவர், 1962-இல் எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். பாகூரில் பிறந்த அண்ணன் இந்தியர், கடலூரில் பிறந்த தம்பி பிரெஞ்சுக்காரர் என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடுகள் உண்டாயின. இதைத் தெரிந்துவைத்திருக்கும் தரகர்கள் தாத்தாவின் பிறந்த ஊரையே மாற்றிப் போலிச் சான்றிதழ் தயாரிக்கத் துணிகிறார்கள். அதில் கையெழுத்திட்டால் குற்றவாளி நீங்கள். அவர் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

தாத்தா பிரெஞ்சுக்காரராகவே இருந்திருந்தாலும் இன்னொரு தடை உண்டு. குடும்பத்தில் எவரும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரான்சில் வசிக்காமல், உங்களிடமோ பெற்றோரிடமோ பிரெஞ்சு பாஸ்போர்ட், தூதரகப் பதிவு போன்றவை இல்லாமல் இருந்தால், வம்சாவளியைக் காட்டி உரிமை கோரப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருவதில்லை. இந்த ஒரு விதியை எளிய தமிழில் எழுதி தூதரக வாசலில் ஒட்டினால் பாதித் தரகர்களுக்குப் பிழைப்பு போய்விடும். அதைச் செய்யாமல், ஏழைகளை ஜன்னல் ஜன்னலாக அலையவிடுவது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை.

தாத்தா எழுதிக் கொடுத்த தாளோ 1962-க்குப் பின் அவர் வாங்கிய பிரெஞ்சு பாஸ்போர்ட்டோ வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைத்து, மேலே சொன்ன அரை நூற்றாண்டுத் தடையும் உங்களுக்கு இல்லையென்றால், உள்ளூர்ப் பதிவேட்டிலிருந்து அவரது பிறப்புப் பதிவின் நகலைப் பெற்று, குடியுரிமைச் சான்றிதழுக்குப் பாரிஸ் நீதிமன்றத்துக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.