கோப்பைக் கடைசியாகத் திறந்த தேதி: பதிவை நிறுத்தலாமா?

திருவல்லிக்கேணியில் அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. வேகம் கூடும் என்று, கோப்பைத் திறந்த நேரத்தைப் பதியாமல் விடும் ‘நோஏடைம்’ (noatime) அமைப்பைப் போடச் சொல்கிறார் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. ஆனால் ஓராண்டாக யாரும் திறக்காத திருமண அழைப்பிதழ், காலண்டர் வடிவங்களைத் தேதி பார்த்துத்தான் பழைய டிஸ்க்குக்கு மாற்றுகிறோம். போடலாமா?”

அந்த வடிவங்கள் இருக்கும் பகுதியில் போடாதீர்கள். போட்டால் திறந்த தேதி பதிவாவது நின்றுவிடும். வாடிக்கையாளருக்காக நேற்று எடுத்துப் பார்த்த கோப்பும் தூசி படிந்த கோப்பாகவே கணக்கில் வரும்.

தம்பியின் கவலைக்கும் காரணம் உண்டு. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் மரபில் கோப்பை வாசித்தாலே அந்த நேரத்தைக் குறித்தாக வேண்டும். அதாவது, படித்ததற்காக டிஸ்க்கில் எழுத வேண்டும். கோப்பு நினைவகத்திலிருந்தே கிடைத்துவிட்டாலும் நேரக்குறிப்புக்காக டிஸ்க் உழைக்கும். இந்தச் சுமையைத் தவிர்க்கவே 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா இந்தப் பதிவை இயல்பாகவே அணைத்து வைத்தது.

லினக்ஸ் எடுத்தது நடுவழி. 2009-இல் வெளியான 2.6.30 பதிப்பிலிருந்து ‘ரிலேட்டைம்’ (relatime) முறையே இயல்பானது. தேவைப்படும்போது மட்டும் திறந்த நேரத்தைக் குறிக்கும் முறை அது. திங்கள் காலை 10 மணிக்கு ஓர் அழைப்பிதழைத் திறக்கிறீர்கள்; நேரம் பதிவாகிறது. மாலை 4 மணிக்கு மறுபடி திறந்தால் பதிவாகாது. நடுவில் யாராவது பெயரைத் திருத்திச் சேமித்திருந்தால் மட்டும் பதிவாகும். செவ்வாய் காலை 11 மணிக்குத் திறந்தால், முந்தைய பதிவுக்கு 24 மணி நேரம் கடந்துவிட்டதால் புதிய நேரம் ஏறும். ஆக, பிழை அதிகம் போனால் ஒரு நாள். ஓராண்டுக் கணக்குப் பார்க்கும் உங்களுக்கு அது பொருட்டே அல்ல. நீங்கள் எதையும் மாற்றாமலிருந்தால் இப்போது நடப்பது இதுதான். நோஏடைமால் கூடும் வேகம் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அந்தத் தேதி, கோப்பை வாசித்தது யார் என்று சொல்வதில்லை. இரவில் ஓடும் பேக்கப், வைரஸ் சோதனை, விண்டோஸ் கணினியில் கோப்புறையைத் திறந்ததும் படங்களின் சிறுவடிவம் காட்டுவது எல்லாமே வாசிப்புதான். யாரும் தொடவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பழைய கோப்பு ஒன்றை எடுத்து, ‘எல்எஸ்’ கட்டளையோடு ‘எல்யூ’ சேர்த்துப் (ls -lu) பாருங்கள்; கடைசியாகத் திறந்த தேதி தெரியும். நேற்றிரவுத் தேதி காட்டினால், உங்கள் ஓராண்டுக் கணக்கு ஏற்கெனவே கெட்டிருக்கிறது. பேக்கப் ‘டார்’ (tar) என்ற கட்டளை வழியாக நடந்தால், திறந்த நேரத்தைத் தொடாமல் வாசிக்கும் விருப்பத்தை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அதிலும் ‘சிஸ்டம்’ வகையே நல்லது. மற்றொரு வகை, வாசித்தபின் பழைய நேரத்தைத் திருப்பி வைக்கும். அதனால் கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறியதைக் குறிக்கும் நிலைமாற்ற நேரம் புதிதாகிவிடும். அதைப் பார்த்து இயங்கும் பேக்கப், மாறாத கோப்பையும் மாறியதாக எண்ணி மறுபடி நகலெடுக்கும்.

நோஏடைமுக்கும் இடம் இருக்கிறது. பேக்கப் டிஸ்க்கில் தாராளமாகப் போடுங்கள். லினக்ஸின் கோப்பு முறைகளில் ஒன்றான பிடிஆர்எஃப்எஸ்ஸில் (Btrfs) அடிக்கடி ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுப்பவர்களுக்கு நான் அதையே வற்புறுத்துவேன். அங்கே நேரக்குறிப்பு மாறினாலும் அது இருக்கும் டிஸ்க் துண்டுக்குப் (block) புது நகல் பிறக்கும். வெறுமனே படித்ததற்கே இடம் கரையும்.

தம்பி ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்த நாட்களில் திறந்த கோப்புகளுக்குப் பதிவு கிடையாது. எடுத்த நாளிலிருந்து முழுதாக ஓராண்டு ஆகும்வரை, தேதியை மட்டும் நம்பி எந்த வடிவத்தையும் பழைய டிஸ்க்குக்கு அனுப்ப வேண்டாம்.